மணி கட்டிலுக்கு அடியில் இருக்கிறான்

தீபாவளி வந்தா எங்க வீட்டு நாய் மணிக்கு கட்டிலுக்கு அடியிலதான் வாசம். "நாய்தானே, பழகிடும்"னு சொல்ற மக்களே, பழகாது! நம்ம காது 20,000 ஹெர்ட்ஸோட சரி. அவனுக்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். ஜன்னலைச் சாத்தி, டிவியைப் போட்டுட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். (சங்கிலியில மட்டும் கட்டிடாதீங்க, மிரண்டு இழுத்தா கழுத்து இறுகிடும்.)

2018-ல உச்ச நீதிமன்றம் ரெண்டே மணி நேரம்னு சொல்லி, தமிழக அரசும் காலை 6-7, இரவு 7-8னு பிரிச்சது. சுவாமிமலையில எங்க தெருவுல விடிகாலை நாலு மணிக்கே லட்சுமி வெடி! கேட்டா பாரம்பரியமாம். வரவு உங்களுக்கு, பற்று மணிக்கா?

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்களும் தமிழங்கதானே? வேட்டங்குடி சரணாலயத்துக்கு வர்ற பறவைகளுக்காகப் பல வருஷமா வெடியே போடறதில்லை. நான் அவ்வளவுகூடக் கேட்கலை. ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்துங்கப்பா. மணி ஒண்ணுக்குப் போக வெளியே வரணும்.