ரோமாவின் குண்டு ஏன் விலகுது?

'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' விளையாடுற நம்ம தம்பிமார்கிட்ட ரோமாவைப் பத்திக் கேட்டா ரெண்டே பதில்தான். "கப்பல் அழகு, ஆனா குண்டு எங்கயோ போய் விழும், எல்லாம் லக்." இல்லாட்டி, "இத்தாலிக்காரனுக்குச் சுடத் தெரியாது." ரெண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

விளையாட்டில் உள்ளதுபோலவே நிஜ ரோமாவிலும் ஒன்பது 381 மி.மீ. பீரங்கிகள். 885 கிலோ குண்டை 42 கிலோமீட்டருக்கு அப்பால் வீசக்கூடியவை. இந்த வேகத்துக்குக் கொடுத்த விலை, குழாய்கள் சீக்கிரம் தேய்ந்தன. அதைவிடப் பெரிய கோளாறு ஆலையில். குண்டுகளின் எடையும் வெடிமருந்தும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரே குறிக்கு ஒரே நேரத்தில் சுட்டாலும் சிதறித்தான் விழும்.

1941 மார்ச் 28 அன்று இதே வகைக் கப்பலான வித்தோரியோ வெனெத்தோ, கிரீட் தீவுக்குத் தெற்கே பிரிட்டிஷ் குரூசர்களை நோக்கி 90க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. குண்டுகள் கப்பல்களைச் சுற்றிச் சுற்றி விழுந்தன, நேரடியாக ஒன்றும் படவில்லை. தூரம் கணித்தவன் சரியாகத்தான் கணித்திருக்கிறான். கெட்டபேர் மட்டும் அவனுக்கு.

விளையாட்டு இந்தக் காரணத்தையெல்லாம் ஒரு தற்செயல் எண்ணாக மாற்றிவிட்டது. கட்டப்படாத கிறிஸ்டோஃபோரோ கொலம்போவுக்குப் பதினாறு பீரங்கி பூட்டத் தெரிந்தவர்களுக்கு, குண்டு ஏன் விலகுதுன்னு ரெண்டு வரி எழுத முடியாதா?

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் இதை 'லக்'குன்னு விழுங்குறதுதான் எங்களுக்கு ஆத்திரம். கிழட்டுத் தேயிலை, உரம் போடாத மலை, காடாகிப்போன நிரை. அதில் கொழுந்து நிறுவைக்குக் காணாட்டி அம்மாவுக்கு அரைப்பேர்தான். 2024இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்த நாட்சம்பளமும் அப்படித்தான் பாதியானது. கேட்டா, "கை ஓடலை"ம்பாங்க. வீட்டுக்கு வந்தா, "தலையெழுத்து". லயத்தில் இதைக் கேட்டு வளர்ந்தவன் போனில் இன்னொருத்தனுக்கு அதே தீர்ப்பை எழுதலாமா?

இன்னொன்னு. ரோமா ஒரு எதிரிக் கப்பலையும் தன் பெரிய பீரங்கியால் சுட்டதே இல்லை. இத்தாலி சரணடைந்த மறுநாள், 1943 செப்டம்பர் 9 அன்று, நேற்றுவரை கூட்டாளியாக இருந்த ஜெர்மனியின் விமானங்கள் ரேடியோவால் வழிநடத்திய குண்டுகளைப் போட்டு அதை மூழ்கடித்தன. செத்தவர்கள் 1,200 பேருக்கு மேல்.