சித்திக்கு எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போகேல்ல

போன வருசம் சித்திக்கு மார்புப் புற்றுநோய் என்று தெரிந்த கிழமை, பார்க்க வந்த ஆக்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு பிள்ளை, அதான்." ஒருத்தர் சித்தியின் முகத்துக்கு நேரேயே, "நீர் நேரத்துக்குச் சாப்பிடுறேல்லத்தானே?" என்று கேட்டார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு குசினியில் அம்மாவிடம், "நான் என்னக்கா பிழை விட்டனான்?" என்று அவ கேட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த கிழமை ஒரு மாவு ரின் வந்தது. இயற்கைக் கொல்லிக் கலங்களைத் தூண்டி எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம். விலை அம்மாவின் அரை மாதச் சம்பளம். பரவாயில்லை, காசு போனால் போகட்டும். ஆனால் சித்தி, "மருந்து ஏத்துறதை ஒரு மாசம் தள்ளிப் போட்டிட்டு இதைக் குடிச்சுப் பாக்கட்டோ?" என்று கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

நான் கலைப்பீட மாணவி. உயிரியல் ஓ.எல்லோடு முடிந்தது. இருந்தாலும் அந்த ரின்னில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் வாசித்தேன். வாசித்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான்: நாங்கள் நோயாளியிடம் சொல்கிற அந்த வசனம் விஞ்ஞானப்படி அரைகுறை. அதோடு அநியாயமும்.

இந்தக் கலங்களைக் கண்டுபிடித்த கதையில் இருந்து தொடங்கலாம். 1970களில் ஆய்வுகூடங்களில் ஒரு வழமையான பரிசோதனை இருந்தது. புற்றுநோய்க் கலங்களுக்குள் கதிர்வீச்சுள்ள குரோமியத்தை ஏற்றி, வெண்குருதிக் கலங்களோடு சேர்த்து விடுவார்கள். புற்றுநோய்க் கலம் உடைந்தால் குரோமியம் வெளியே வரும். எவ்வளவு வந்தது என்று அளந்தால் எத்தனை கலம் செத்தது என்று தெரியும். அந்தப் புற்றுநோயை முன்பு சந்தித்த எலியின் கலங்கள்தான் கொல்லும், சந்திக்காத எலியின் கலங்கள் சும்மா இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் சந்திக்காத எலியின் கலங்களும் கொன்றன. பலர் இதைப் பரிசோதனையில் வந்த பிழை என்று ஒதுக்கினார்கள். சுவீடனில் ஸ்ரொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரொல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹேர்பர்மனின் குழுவும் அதை ஒதுக்கவில்லை. 1975இல் இது தனி வகைக் கலம் என்று எழுதினார்கள். முன்பயிற்சி இல்லாமலே கொல்வதால் 'இயற்கைக் கொல்லி' என்ற பெயர் வந்தது.

பெயரைக் கேட்டால் கண்டதையெல்லாம் கொல்கிற சாதி மாதிரி இருக்கும். உண்மை அப்படி இல்லை. அதே கரோலின்ஸ்காவில் கிளாஸ் கேரே என்பவர் 1981இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கலம் தேடுவது அந்நியமான ஒன்றையா, அல்லது இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனதையா?

எங்கள் ஊர் ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. ஐசியை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்து வருகிற அப்பாமாரோடு வளர்ந்த ஆக்கள் நாங்கள். உடம்பின் கலங்களில் அநேகமானவை தங்கள் மேற்பரப்பில் ஒரு அடையாளப் புரதத்தை வைத்திருக்கின்றன. எம்.எச்.சி வகுப்பு ஒன்று என்பது அதன் பெயர். கொல்லும் ரீ கலங்கள் அந்த அட்டையில் ஏதும் பிழை எழுதியிருக்கிறதா என்று வாசிக்கும். அதிலிருந்து தப்பப் புற்றுநோய்க் கலங்கள் சில அட்டையையே கழற்றி எறிந்துவிடும். அங்கேதான் இயற்கைக் கொல்லி வருகிறது. அட்டை இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் சந்தேகப்படும். 1986இல் கேரேயும் கூட்டாளிகளும் எலிகளில் இதைக் காட்டினார்கள். அடையாளப் புரதம் இல்லாத புற்றுநோய்க் கலங்களை எலியின் உடம்பு அழித்தது. இருந்தவை வளர்ந்தன.

இதில் எனக்குப் பிடித்த விசயம் வேறொன்று. எங்களுடைய செங்குருதிக் கலங்களில் அந்த அட்டை கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் இயற்கைக் கொல்லி அவற்றைக் கொல்வதில்லை. அட்டை இல்லை என்பது மட்டும் காணாது, 'இந்தக் கலம் கஷ்டத்தில் இருக்கிறது' என்று காட்டுகிற வேறு அடையாளங்களும் வேண்டும். தடுக்கிற சமிக்ஞை, தூண்டுகிற சமிக்ஞை இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது. நாங்கள் கண்ட சோதனைச்சாவடிகளை விட நிதானமான சாவடி.

இப்போது 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லுக்கு வருவோம். அந்தச் சொல் ஏதோ தண்ணீர்த் தாங்கி மாதிரி ஒன்றை நினைக்க வைக்கிறது. மட்டம் குறைந்தால் நோய், நிரப்பினால் சுகம். ஆனால் மேலே சொன்னது முழுக்க அடையாளம் காண்பது பற்றிய கதை. புற்றுநோய் அந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. 'கஷ்டத்தில் இருக்கிறேன்' என்று காட்டுகிற புரதங்களைத் தன் மேற்பரப்பில் இருந்து சில கட்டிகள் உதிர்த்து விடுகின்றன. கொல்லிக் கலங்களை அடக்கிற பதார்த்தங்களைச் சுற்றிவரச் சுரக்கின்றன. திண்மக் கட்டிகளுக்குள் இந்தக் கலங்கள் நுழைவதே பெரும்பாடு. நேரத்துக்குச் சாப்பிட்டவருக்கும் இது நடக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 3,600க்கும் மேற்பட்டவர்களை 11 வருடம் தொடர்ந்து பார்த்து, 2000ஆம் ஆண்டில் லான்செற் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. கொல்லும் செயற்பாடு குறைவாக இருந்தவர்களிடம் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. அப்படியென்றால் வந்தவர்கள் சொன்னது சரியா? இல்லை. ஆயிரக்கணக்கானவர்களில் தெரிகிற ஒரு போக்கை வைத்து, கதிரையில் இருக்கிற ஒரு மனுசிக்கு ஏன் நோய் வந்தது என்று சொல்ல ஏலாது. அந்த மாவைக் குடித்தால் நோய் மாறும் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

இந்தக் கலங்களை வைத்து வைத்தியம் செய்யப் பார்க்கிறவர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று பாருங்கள். ரெக்சாஸில் எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் கேற்றி ரெஸ்வானியின் குழு, தானமாகக் கிடைத்த தொப்புள்கொடிக் குருதியில் இருந்து இயற்கைக் கொல்லிகளை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, 11 நோயாளிகளுக்குக் கொடுத்தது. 2020இல் வெளியான முடிவின்படி 8 பேரில் பலன் தெரிந்தது, அதில் 7 பேரில் நோயின் அடையாளமே மறைந்தது. எல்லாருக்கும் இருந்தது குருதி, நிணநீர் சார்ந்த புற்றுநோய்கள். சித்தியினுடையதைப் போலக் கட்டி அல்ல. 11 பேர் என்பது சின்னத் தொகையும்கூட. மறுபக்கம், இந்தக் கலங்களின் தடையை நீக்கப் பார்த்த மொனலிசுமாப் என்ற மருந்தின் பெரிய பரிசோதனை ஒன்று பலன் தெரியாமல் 2022இல் நிறுத்தப்பட்டது.

இருந்தாலும் இதில் எங்களைப் போன்ற நாடுகளுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதலாவது ரீ கல வைத்தியத்துக்கு அங்கே போட்ட விலை 475,000 டொலர். ஒவ்வொரு நோயாளியின் சொந்தக் கலத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது அது. கொல்லிக் கலங்களை ஒரு கொடையாளியிடம் எடுத்துப் பலருக்கு முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம். அது சரிவந்தால் விலை இறங்க இடமுண்டு. இலவச வைத்தியத்தை நம்பியிருக்கிற நாங்கள் கவனிக்க வேண்டிய செய்தி அதுதான், மாவு ரின் அல்ல.

சித்தி மருந்து ஏற்றுவதைத் தள்ளிப் போடவில்லை. டொக்டர் பேசின பேச்சில் பாதி, அம்மா அழுத அழுகையில் பாதி. ஆறு தரம் ஏற்றி முடிந்து, இப்போது தலைமயிர் குட்டையாக வளர்ந்திருக்கிறது. அந்த ரின்னில் அம்மா மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறா.

புற்றுநோய் வந்த வீட்டுக்குப் போனால் தயவுசெய்து எதிர்ப்புச் சக்தியைப் பற்றிக் கதைக்காதீர்கள். அடுத்த கிளினிக் எப்ப, ஆர் கூடப் போகினம் என்று கேளுங்கள். ஏலுமென்றால் நீங்கள் போங்கோ.