மாத்தளையோடு நின்றுபோன தண்டவாளம்

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் நம் முன்னோர். கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். அவர்கள் காடழித்து உண்டாக்கிய தோட்டங்களின் விளைச்சலை ஏற்றிப்போக, 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, ஆனால் பாதை அன்று முடிந்த இடத்திலேயே இன்றும் முடிகிறது.

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்கு ரயில் பாதை போட வேண்டும் என்ற பேச்சு பழையது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் காய்கறி அத்தனையும் லொறியிலேயே போவதைப் பார்த்தால், அந்தப் பாதை அவசியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஜப்பானியக் கடனுதவியோடு கொழும்பில் தொடங்கவிருந்த மாலபே – கோட்டை இலகு ரயில் திட்டமே 2020இல் கைவிடப்பட்டது. புதுத் தண்டவாளம் வரட்டும் என்று நாம் கைகட்டிக் காத்திருக்க முடியாது.

கையில் இருப்பதைப் பார்ப்போம். கண்டி – மாத்தளைப் பாதை ஒற்றைவழிப் பாதைதான். ஆனாலும் வத்தேகமையிலும் உக்குவளையிலும் ரயில் நிற்கிறது. அங்கிருந்து எல்கடுவைப் பக்கமும், மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, கம்மடுவைப் பக்கமும் ஏறுகிற பஸ்கள் ரயில் நேரத்தோடு பொருந்தினால் பாதிக் கஷ்டம் தீரும். கிளினிக் நாளில் விடியுமுன் லயத்திலிருந்து இறங்கும் கர்ப்பிணி, பஸ்ஸைக் காணாமல் நாலைந்து பேரோடு த்ரீவீலரில் நெருங்கி உட்கார்ந்து, குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் குலுங்கிப் போகிறாள். அந்த வாடகைக்கே ஒரு நாள் கைக்காசு கரைகிறது.

அந்தப் பாதை யாருடையது? கம்பனி பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை கம்பனியைக் காட்டும். தோட்டங்களுக்குச் சேவை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்ற காரணம் நெடுநாள் சொல்லப்பட்டது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தக் காரணத்துக்கு இடமில்லை. பாதையைச் செப்பனிடுவது சபையும் கம்பனியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. நேர அட்டவணையை ரயில்வே திணைக்களம், இலங்கைப் போக்குவரத்துச் சபை, தனியார் பஸ்களுக்கு அனுமதி தரும் மாகாண அதிகாரசபை மூன்றும் ஒரே மேசையில் இருந்து வகுக்க வேண்டும்.

நமக்கும் பங்குண்டு. கேட்டு வாங்கிய பஸ் வெறுமையாக ஓடினால் அடுத்த மாதம் அது நிறுத்தப்படும். டிக்கெட் எடுத்து ஏறுவது நம் கடமை. தொழிற்சங்கத்துக்கொரு மகஜர் என்று பிரிந்து நிற்பதையும் விட வேண்டும். ரத்தோட்டை வீதியில் மிளகு மூட்டையோடு நிற்கும் சிங்கள விவசாயியும், கடைக்குப் போகும் முஸ்லிம் சகோதரரும், நம் பிள்ளைகளும் காத்திருப்பது ஒரே பஸ்ஸுக்குத்தான்.

பிரதேச சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றுகின்றன. அதற்கு முன்பே கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் சபையும் விகாரையும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட ஒரே கோரிக்கையை உங்கள் சபை உறுப்பினரின் கையில் கொடுங்கள்.