இடைக்கால மருத்துவரும் நிலையான பொறுப்பும்

அமெரிக்காவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் டயாலிசிஸ் வசதியைத் தொடங்க, சிறுநீரக மருத்துவரைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒப்பந்தத்தில் அமர்த்துவது ஒரு வழி. இவ்வகைப் பணிக்கு அங்கு வழங்கும் பெயர் ‘லோக்கம் டெனன்ஸ்’. லத்தீனில் ‘இடத்தை வகிப்பவர்’ என்று பொருள். இன்னொருவரின் இடத்தை நிரப்புவதற்கான இந்த ஏற்பாட்டைப் புதிய சேவை ஒன்றை நிறுவவும் பயன்படுத்தலாம். ஆனால், அவருக்குப் பின் பொறுப்பேற்பவர் யார் என்பது முதல் நோயாளிக்கு ஊசி குத்துவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

வசதியின் தேவையில் ஐயமில்லை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோரின் சிகிச்சைச் செலவை, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் வயது வரம்பின்றி ஏற்க 1972ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. ஆயினும் இல்லத்தில் வாழும் முதியவர் வழக்கமாக வாரம் மூன்று முறை வெளி மையத்துக்குப் போய்வர வேண்டும். நான்கு மணி நேர சிகிச்சையோடு பயணமும் காத்திருப்பும் சேர்ந்து, அன்றைய உணவும் உடற்பயிற்சியும் தவறுகின்றன. இருக்கும் இடத்திலேயே, குறைந்த நேரத்துக்கு அடிக்கடி செய்தால் நீரை மெல்ல அகற்றலாம். இரத்த அழுத்தம் சரியும் அபாயமும் குறையும்.

விதிகளின்படி, இல்லத்திலேயே செய்யும் இந்தச் சிகிச்சை வீட்டு டயாலிசிஸ் வகையைச் சேர்ந்தது. சான்றிதழ் பெற்ற டயாலிசிஸ் மையம், இல்லத்துடன் எழுத்துவழி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். மையத்துக்கு மருத்துவ இயக்குநர் ஒருவர் கட்டாயம். செவிலியர் பயிற்சி, நெருக்கடியில் மருத்துவமனைக்கு மாற்றும் முறை, நீரின் தரம் ஆகியவற்றை முன்கூட்டியே வகுக்க வேண்டும். வழக்கமான இயந்திரத்தில் ஒரு முறைக்குச் சுமார் 120 லிட்டர் நீர் செலவாகிறது. குடிநீரில் கிருமிநாசினியாகச் சேர்க்கும் குளோரமின் அதில் தங்கினால் சிவப்பணுக்கள் சிதையும். இவற்றை ஒழுங்குபடுத்த, அனுபவமுள்ள இடைக்கால நிபுணர் போதும்.

அதன் பிறகு வரும் வேலை வேறு. மிகை நீர் நீங்கியபின் நோயாளி இருக்க வேண்டிய எடையை அடிக்கடி திருத்த வேண்டும். மருந்தளவை மாற்ற வேண்டும். டயாலிசிஸைத் தொடங்குவதா என்ற கேள்வியோ இன்னும் கடினமானது. இத்தகைய இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் 58 விழுக்காட்டினர் இறந்தனர். 13 விழுக்காட்டினர் மட்டுமே முன்பிருந்த செயல்திறனைத் தக்கவைத்தனர். இதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லவும், டயாலிசிஸ் இல்லாமல் துன்பம் தணிக்கும் வழியை முன்வைக்கவும், பிறகு முடிவை மறுபரிசீலனை செய்யவும் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் வேண்டும். இரண்டு மாதத்தில் கிளம்புபவர் தொடங்கிவைக்கும் சிகிச்சையை நிறுத்தும் பேச்சை யார் எடுப்பார்?

சிறுநீரக மருத்துவரே கிடைக்காத சிற்றூர்களில், நிலையான மருத்துவர் வேண்டும் என்ற நிபந்தனை சேவையையே முடக்கிவிடும் என்று வாதிடலாம். ஆனால் அவர் அதே ஊரில் குடியிருக்க வேண்டியதில்லை. வீட்டு டயாலிசிஸ் நோயாளி சம்மதித்தால், முதல் மூன்று மாதம் மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் நேரில் பார்த்து, மற்ற மாதாந்திரச் சந்திப்புகளைக் காணொளியில் நடத்த 2019 முதல் மெடிகேர் இடமளிக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்திலேயே மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்: அடுத்துப் பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயர்; இருவரும் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் சில வாரங்கள்; ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சை நோக்கத்தையும் பதிந்த எழுத்துவழி ஒப்படைப்பு. இவை இல்லாத இடத்தில் இயந்திரத்தை இறக்க இல்ல நிர்வாகம் சம்மதிக்கக் கூடாது.