பக்கத்து வீட்டுக்காரியை வசூல்காரியாக்கும் கடன்

"காசைக் கண்டா இந்தப் பொம்பளைங்களுக்குக் கை நிக்காது. டிவி வாங்கவும் சீர் செய்யவும் லோன் எடுக்கறது, அப்புறம் அழறது." கச்சிராயபாளையம் டீக்கடையில் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. 'நிதி எழுத்தறிவு' முகாம் நடத்துகிறவர்கள் இதையே நாகரிகமான தமிழில் சொல்லும்போதுதான் வருகிறது. நம் தோழர்கள் சிலரும் அதைத் தலையாட்டிக் கேட்கிறார்கள்.

காலனிக்குள் வந்து கடன் அட்டைகளை விரித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், மழைக்கு ஒழுகிய கூரை. பாதிக்கு மேல் பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடன். நிலம் இல்லாதவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கிடையாது. நகை இல்லாதவருக்கு வங்கியில் நகைக்கடன் கிடையாது. தாட்கோ மனு போட்டவர்கள் எத்தனை தடவை வங்கி மேலாளர் அறை வாசலில் நின்றார்கள் என்று கேளுங்கள். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, திறந்திருந்த ஒரே கதவில் ஏன் நுழைந்தாய் என்று கேட்பது எழுத்தறிவு ஆகாது.

அந்தக் கதவு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். குழுக் கடனுக்கு அடமானம் வேண்டாம் என்கிறார்கள். அடமானம் இருக்கிறது. பத்துப் பெண்கள் ஒரே தெருவில், ஒரே உறவுமுறையில், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாய் நிற்கிறார்களே, அந்த நெருக்கம்தான் அடமானம். ஊர்த்தெருவுக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்றுதான் பிரிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க வேண்டுமென்றால் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய்வர வேண்டும், ஊர்க்காரர் காலனி வீட்டுக்குள் வரமாட்டார். சாதி போட்ட எல்லைக்கோட்டைக் கம்பெனி அப்படியே தன் வரைபடமாக எடுத்துக்கொண்டது. சமூகவியல் வகுப்பில் 'சமூக மூலதனம்' என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். அது யாருக்கு மூலதனம் என்பதைச் சென்டர் மீட்டிங்கில்தான் பார்த்தேன்.

ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் எழுந்து போக விடுவதில்லை. அடுப்பில் உலை வைக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வசூலுக்கு வந்தவர் வாயே திறக்க வேண்டியதில்லை. ஒன்பது பேரும் போய் அவள் வாசலில் நிற்பார்கள். நேற்றுவரை உப்பு, புளி கைமாற்று கொடுத்தவள் இன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். (வசூலுக்கு வருகிற பையனும் பல நேரம் நம்மவன்தான். டிகிரி முடித்துவிட்டு, டார்கெட்டுக்குப் பயந்து பைக்கில் அலைகிறவன். அவனை மட்டும் வில்லனாக்கிவிட்டுக் கம்பெனியை விட்டுவிடாதீர்கள்.)

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? ரிசர்வ் வங்கியின் 2022 மார்ச் 14 நெறிமுறை அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் பிணையில்லாக் கடனுக்கு அது பொருந்தும். எல்லாக் கடனுக்குமான தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. கடன் வாங்கியவரின் உறவினரை, நண்பரை, உடன் வேலை செய்பவரைத் துன்புறுத்தக் கூடாது.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். குழுவில் இருக்கிற ஒன்பது பேர் அவளுக்கு யார்? நாத்தனார், பக்கத்து வீட்டுத் தோழி, ஏரி வேலைக்கு உடன் வருகிறவள். அவர்களைப் பிடித்து உட்கார வைப்பது இந்த விதிப்படியே தவறு என்பது என் வாதம். "அவங்களும் ஜாமீன் கையெழுத்து போட்டவங்க" என்று கம்பெனி பதில் சொல்லும். ஜாமீன் போட்டவரிடம் பணம் கேட்கலாம், அடைத்து வைக்க முடியாது. இந்த வாதத்தை யாராவது எழுத்தில் எழுப்ப வேண்டாமா?

அதே நெறிமுறை இன்னொரு வேலையும் செய்தது. ஆந்திராவில் 2010-ல் குழுக் கடன் தற்கொலைகளும் அவசரச் சட்டமும் வந்தபிறகு, ரிசர்வ் வங்கி 2011-ல் வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு வைத்தது. கணக்கிடும் முறை பிறகு மாறினாலும் வரம்பு என்று ஒன்று இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். 'கந்துவட்டி அளவுக்குப் போகக் கூடாது' என்பதோடு சரி, வட்டியைக் கம்பெனியின் இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளலாம். எத்தனை மணிக்குக் கதவைத் தட்டலாம் என்பதற்கு விதி உண்டு, எவ்வளவு பிடுங்கலாம் என்பதற்கு எண் கிடையாது.

ஒரு கணக்கு போடுவோம். 50,000 ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 24 மாதம். வட்டி 12,000, மாதத் தவணை சுமார் 2,583. கேட்க 12 சதவீதம். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 50,000-க்கும் ஓடுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு 22 சதவீதத்தை ஒட்டி வரும். கட்டணம், இன்சூரன்ஸ் என்று முதலிலேயே 1,500 பிடித்தால் 25-ஐத் தொடும். இந்த உண்மையான விகிதத்தைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது விதி, கடன் அட்டையும் அவளுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

மாநிலச் சட்டம் இல்லையா என்பீர்கள். 2003-ன் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டம் இருந்தபோதுதான் 2017 அக்டோபரில், திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் கேட்பாரில்லாமல், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் கருகினார். 2025-ல் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கடன்காரரின் தொல்லையால் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் தூண்டுதல் குற்றமாகப் பார்க்கச் சொல்கிறது. வரவேற்கிறேன். ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களை மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கேரளா, குஜராத் வழக்குகளில் சொல்லிவிட்டது. பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் அந்தத் தீர்ப்போடுதான் வருவார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டரும்மா". அதே கம்பெனி புகார் கொடுத்தால் மட்டும் 'விசாரணை'க்கு வரச்சொல்லி ஆள் வருகிறது. மிரட்டலும் அடைத்து வைப்பதும் சிவில் அல்ல. சாதி இல்லாதவர்போல் பேசுகிற வசூல் அதிகாரி நாலு பேர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு.

தவணை முடியாத வீட்டில் அடுத்து நடப்பதையும் பாருங்கள். புருஷன் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ போகிறார். கல்வராயன் மலையிலிருந்தும் அப்படித்தான் இறங்குகிறார்கள். முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976 சட்டத்தின்படி அந்தக் கடனே ரத்து. ஒரே வீட்டில் மனைவியின் கடனுக்கு ரிசர்வ் வங்கி, கணவனின் கடனுக்குக் கோட்டாட்சியர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு அலுவலகமும் இல்லை.

ஆகவே மாணவத் தோழர்களே, முகாமுக்கு வந்து சேமிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். சென்டர் மீட்டிங் நடக்கும் நேரத்தில் வந்து உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றாலோ சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. காசு செலவில்லை, 14448-ல் வழி கேட்கலாம். குழுவைப் பிடித்து வைப்பதைக் கட்டாய வசூல் என்று 2025 சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். ஒவ்வொரு காலனியிலிருந்தும் அந்தக் குறிப்பு நோட்டுகள் அதற்கு வேண்டும்.