படம் காட்டிப் பாடம் சொல்லுதல்

ஆட்டிசம் உடைய பிள்ளை வகுப்பில் சொன்னதைக் கேட்பதில்லை என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தால், நம் வீடுகளில் பழி பெரும்பாலும் தமிழின் மீதே விழுகிறது. “வீட்டிலும் ஆங்கிலமோ இந்தியோ மட்டும் பேசுங்கள், இரு மொழி குழப்பும்” என்று ஆசிரியைமார் சிலர் சொல்லிவிடுகின்றனர். பெற்றோரும் அஞ்சிப் பாட்டியைக்கூட வாய்மூடச் செய்கின்றனர். இது வேண்டாத துன்பம். இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளை ஆராய்ந்தோர், ஒரு மொழி மட்டும் கேட்பவர்களைவிட அவர்கள் பேச்சில் பின்தங்கியதாகக் காணவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி, வகுப்பில் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதே. இப்பிள்ளைகளுள் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது எளிதில் விளங்கும். இதனை அடிப்படையாகக் கொண்டு எரிக் ஷாப்ளர் என்னும் அறிஞர் அமெரிக்காவின் வட கரோலைனாவில் வகுத்த ‘டீச்’ என்னும் முறை, 1972இல் அம்மாநிலம் முழுமைக்குமான திட்டமாயிற்று. அன்றைய வேலைகள் படங்களாக மேலிருந்து கீழாக ஒட்டப்பட்டிருக்கும்: கணக்கு, ஓவியம், சிற்றுண்டி, விளையாட்டு. ஒன்று முடிந்ததும் பிள்ளை அப்படத்தைத் தானே எடுத்து, ‘முடிந்தது’ என்று எழுதிய உறையில் இட்டுவிடும். மேசையில் செய்ய வேண்டியவை இடப்புறக் கூடையில். செய்து முடித்தவை வலப்புறத்தில். எவ்வளவு வேலை, எப்பொழுது முடியும், அடுத்து என்ன என்பவை கேளாமலே தெரிவதால் கலக்கம் குறைகிறது. விளையாட்டு நேரம் இன்று இல்லையென்றால் அப்படத்தையும் முன்னரே மாற்றிக் காட்டிவிட வேண்டும். அழுகைக்கும் அடத்திற்கும் பலமுறை இதுவே காரணம்.

இன்னொன்று: ஆசிரியை ஒரு முறை சுருக்கமாகச் சொல்லிச் சற்றுப் பொறுத்திருத்தல் நலம். அதையே வெவ்வேறு சொற்களில் அடுக்கினால் பிள்ளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். (இது வீட்டில் நமக்கும் பொருந்தும், நாம் சற்று அதிகமாகவே பேசுகிறோம்!)

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதெல்லாம் இயலுமா என்று ஆசிரியை கேட்பது நியாயமே. சுவரில் ஒரு படவரிசை ஒட்டுவதற்குத் தனி ஆசிரியர் வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அது உதவும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உட்கொண்டது. அதன் 16ஆம் பிரிவு, அரசு ஏற்பளித்த பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, அவரவர் தேவைக்குத் தக்க வசதி செய்து தரவேண்டும் என்கிறது. படவரிசையை அவ்வசதிகளுள் ஒன்றாகவே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்கலாம்.

அதே படங்களில் ஒரு படியை வீட்டிற்கும் வாங்கி வைத்துக்கொள்க. பள்ளிப் படத்தின் கீழ் ‘பானி’ என்றிருக்கட்டும். வீட்டுப் படத்தின் கீழ் ‘தண்ணீர்’ என்று பாட்டியைக் கொண்டே எழுதச் செய்யுங்கள்.