ஏழடி அகல வீடு

இங்கிலாந்துக் கால்வாய்ப் படகு வீடியோக்களை நாங்களும் இரவிரவாகப் பார்க்கிறம். ஏழடிக்குள்ள அடங்குற நீளப் படகு, மணிக்கு 4 மைலுக்கு மேல போகக்கூடாத வேகம், பூ வரைஞ்ச வாளி. வடிவுதான்.

ஆனால் அந்த ஏழடி யாருடைய ரசனைக்காகவும் வந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் செலவைக் குறைக்க ஒடுக்கமாகக் கட்டின லொக்குகளின் அளவு அது. பிறகு ரயில் வந்து வருமானம் குறைய, படகுக்காரர் குடும்பத்தையே பின்பக்கச் சின்ன அறைக்குள்ள ஏத்தினவை. பிள்ளையள் பள்ளிக்கூடம் போகாமல், படகிழுக்கிற குதிரைக்குப் பின்னால நடந்ததுகள்.

இண்டைக்கும் கதை முழுக்க மாறேல்லை. நிரந்தரத் தரிப்பிடம் இல்லாத படகு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க ஏலாது. விடுமுறைக்கு வாறவருக்கு அது பயணம். லண்டன் வாடகை கட்ட ஏலாமல் படகில் குடியேறினவருக்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்தைத் தூரமாக்கிற விதி.

ரசிக்கிறதில் பிழையில்லை. ஆறுதலாக வாழ ஆசைப்படுறதும் நல்லதுதான். ஆனால் ஆறுதலாகப் போறதும் எழும்பிப் போகச் சொல்லப்படுறதும் ஒண்டில்லை. அடுத்த வீடியோ பார்க்கேக்க, அந்தப் படகு ஏன் இண்டைக்கு இடம் மாறுது எண்டும் கேட்டுப் பாருங்கோ.